பயறுச் செடியில் முள்கால் நாவாய்ப்பூச்சி: சரியாக அடையாளம் காண்பது எப்படி?

தட்டைப்பயறு, மொச்சை, துவரை போட்டவர்கள் இந்தப் பூச்சியைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். ஒல்லியான பழுப்பு உடம்பு, நீளமான கால்கள். காயின் மேல் உட்கார்ந்திருக்கும். கை நீட்டுவதற்குள் குளவி மாதிரிப் பறந்துவிடும். இதன் அறிவியல் பெயர் ரிப்டார்ட்டஸ் பெடஸ்ட்ரிஸ். பிஞ்சுக் காயில் ஊசி போன்ற வாயைக் குத்தி உள்ளே இருக்கும் பருப்பின் சாற்றை உறிஞ்சும். வெளியே காய் நன்றாகத்தான் தெரியும், உரித்துப் பார்த்தால் பருப்பு சுருங்கிக் கிடக்கும்.

பின்னங்காலில் முள் தெரிந்தால் உடனே "இதுதான்" என்று முடிவு கட்டிவிடுவது வழக்கம். அது போதாது. அதே வயலில் முள்கால் பூச்சிகள் இன்னும் சில உண்டு. அவற்றில் ஒன்று விவசாயிக்கு நண்பனாகக்கூட இருக்கலாம். மருந்துக் கடைக்குப் போகும் முன் கீழே உள்ளபடி ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், கேமரா உள்ள கைபேசி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, வெள்ளைத் தாள், சின்ன ஸ்கேல். லென்ஸ் இல்லையென்றால் கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தாலும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

படி 1: பிடிப்பது

விடியற்காலையில் போங்கள். குளிரில் பூச்சி மந்தமாக இருக்கும். வெயில் ஏறிய பிறகு துரத்திப் பயனில்லை. ஒரு பக்கம் டப்பா, மறுபக்கம் மூடி என்று கொண்டுவந்து காயோடு சேர்த்து மூடிவிடுங்கள். சிறிது நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் ஓட்டம் அடங்கும். வெறுங்கையால் தொட வேண்டாம். ரிப்டார்ட்டஸ் நாற்றத்தை விடுவதோடு நின்றுவிடும், ஆனால் நீங்கள் பிடித்திருப்பது வேறு பூச்சியாக இருந்தால் நன்றாகக் குத்திவிடும். அது எது என்று அடுத்த படியில்.

படி 2: வாயைப் பாருங்கள்

டப்பாவைத் தலைகீழாகத் திருப்பினால் அடிப்பக்கம் தெரியும். சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சிக்கு வாய் மெல்லிய குழல். மார்போடு ஒட்டி நேராகப் பின்பக்கம் மடங்கியிருக்கும். குழல் குட்டையாக, தடித்து, கொக்கி போல வளைந்து, கண்களுக்குப் பின்னால் தலை கழுத்து மாதிரி குறுகியிருந்தால் அது மற்றப் பூச்சிகளைக் கொன்று தின்னும் வேட்டை நாவாய்ப்பூச்சி. புழுக்களையும் பிடித்துத் தின்னும் இனம் இது. மரியாதையாக வயலிலேயே விட்டுவிடுங்கள்.

படி 3: பின்னங்கால்

இங்கேதான் நிதானம் வேண்டும். ரிப்டார்ட்டஸின் பின்னந்தொடை நன்றாகத் தடித்திருக்கும். அதன் அடிப்பக்கத்தில் லென்ஸை வைத்தால் நீளமான நான்கு முட்களும், அவற்றோடு சில சின்னப் பற்களும் தெரியும். தொடைக்குக் கீழே உள்ள பகுதி நேர்க்குச்சியாக இல்லாமல் வில் போல லேசாக வளைந்திருக்கும். தடித்த தொடை, முள் வரிசை, வளைந்த கீழ்க்கால் மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும்.

நெல் தரிசில் உளுந்து, பயறு விதைக்கும் டெல்டாப் பகுதியில் நெல்லின் கதிர் நாவாய்ப்பூச்சியையும் இதையும் குழப்பிக்கொள்ள வாய்ப்புண்டு. இரண்டும் ஒரே குடும்பம். ஆனால் கதிர் நாவாய்ப்பூச்சியின் கால்கள் நூல் போல மெலிந்தவை, முள் கிடையாது, உடம்பும் பச்சை கலந்திருக்கும்.

படி 4: தலையும் உடல்வாகும்

துவரையில் கிளாவிகிரல்லா கிப்போசா என்ற காய் நாவாய்ப்பூச்சி வரும். அதற்கும் பின்னந்தொடையில் முள் உண்டு, தோளிலும் கூர்முனை உண்டு. ரிப்டார்ட்டஸுக்கும் தோள் மூலை கூராகத்தான் இருக்கும் என்பதால் தோளை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். தலையைப் பாருங்கள். கிளாவிகிரல்லாவின் தலை, மார்பைவிட மிகச் சிறியது. உடம்பு குட்டை, தடிமன், சாம்பல் பழுப்பு. கூட்டமாகக் காயில் அப்பிக் கிடக்கும், எளிதில் பறக்காது. ரிப்டார்ட்டஸின் தலை ஏறக்குறைய மார்பின் முன்பகுதி அளவுக்கே அகலம். உடம்பு ஒல்லி, நடுவில் இடுப்புப் போலக் குறுகும். ஸ்கேலை வைத்தால் 15 முதல் 17 மில்லிமீட்டர் வரை வரும்.

முட்டை கிடைத்தாலும் உதவும். ரிப்டார்ட்டஸ் பெரும்பாலும் தனித்தனியாக இடும், கிளாவிகிரல்லா கொத்தாக இடும்.

படி 5: பக்கவாட்டு மஞ்சள்

இப்போது ரிப்டார்ட்டஸ் என்பது உறுதி. எந்த ரிப்டார்ட்டஸ்? பூச்சியைப் பக்கவாட்டில் திருப்பித் தலையிலும் மார்பிலும் உள்ள மஞ்சளைக் கவனியுங்கள். விட்டுவிட்டுத் திட்டுத் திட்டாக, புள்ளிகளாக இருந்தால் பெடஸ்ட்ரிஸ். ஒரே பட்டையாகக் கோடு இழுத்தது போல ஓடினால் அது நெருங்கிய உறவான ரிப்டார்ட்டஸ் லீனியாரிஸ். சில பெடஸ்ட்ரிஸில் மஞ்சளே மங்கி மறைந்திருக்கும், ஆகவே ஒன்றை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல் அதே செடியில் நாலைந்தைப் பாருங்கள். பழைய கட்டுரைகளில் ரிப்டார்ட்டஸ் கிளாவேட்டஸ் என்று வந்தால் அதுவும் பெடஸ்ட்ரிஸ்தான்.

படி 6: எறும்பு போலத் தெரியும் குஞ்சுகள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. இதன் குஞ்சுகளைப் பார்த்து எறும்பு என்றே எல்லோரும் கடந்துபோகிறார்கள். நடையும் எறும்பு நடை, இடுப்பும் எறும்பு இடுப்பு. பிரித்தறிய உணர்கொம்பைப் பாருங்கள். எறும்பின் உணர்கொம்பு முழங்கை போல நடுவில் மடங்கும். குஞ்சின் உணர்கொம்பில் அந்த மடிப்பு இருக்காது, நான்கே கணுக்கள். எறும்புக்கு முன்னால் கடிக்கும் தாடை. குஞ்சுக்கு அடியில் மடங்கிய குழல். ஐந்து பருவம் கடந்து பெரிதாகும்போது முதுகில் இறக்கை மொட்டுகள் தெரியத் தொடங்கும், பிறகு குழப்பம் குறைந்துவிடும்.

குஞ்சுகளைக் கவனிக்க இன்னொரு காரணமும் உண்டு. ஒவ்வொரு தலைமுறைக் குஞ்சும் தனக்கு வேண்டிய பர்க்கோல்டீரியா என்ற குடல் பாக்டீரியாவை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஃபெனிட்ரோதியான் என்ற பூச்சிமருந்தைச் சிதைக்கும் வகைப் பாக்டீரியா மண்ணில் இருந்து, அது குடலுக்குள் போய்விட்டால், பூச்சிக்கே அந்த மருந்தைத் தாங்கும் வலிமை வந்துவிடுகிறது. ஜப்பான் ஆய்வாளர்கள் 2012-ல் இதை வெளியிட்டார்கள். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்க நினைப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: படம் எடுத்துக் கேட்பது

இன்னும் சந்தேகம் இருந்தால் நான்கு படம் எடுங்கள்: மேலிருந்து ஒன்று, மஞ்சள் தெரியும்படி பக்கவாட்டில் ஒன்று, பின்னந்தொடையின் அடிப்பக்கம் ஒன்று, வாய்க்குழல் ஒன்று. ஒரு படத்திலாவது ஸ்கேல் இருக்கட்டும். எந்தச் செடி, பூவா பிஞ்சா முற்றிய காயா, எந்த ஊர், என்ன தேதி என்று எழுதிச் சேர்த்து, உயிரினப் படங்களைப் பதிவிட்டு அடையாளம் கேட்கும் ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) இணையதளத்தில் ஏற்றலாம், அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் காட்டலாம். மேலிருந்து எடுத்த ஒரே படத்தை மட்டும் அனுப்பினால் பெடஸ்ட்ரிஸா லீனியாரிஸா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.