ஃபேக்டோரியா டிரான்ஸ்ஃபர் ஸ்டேஷனுக்குப் போகும் முன்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பெல்வியூ, ரெட்மண்ட் பக்கம் புதிதாகக் குடிவருபவர்கள் என்னிடம் கேட்பது இதுதான்: வீட்டுத் தொட்டியில் அடங்காத மெத்தை, உடைந்த அலமாரி எல்லாம் எங்கே போடுவது? பெல்வியூவிலேயே, ஃபேக்டோரியா பகுதியில் கிங் கவுண்டி நிர்வாகத்தின் டிரான்ஸ்ஃபர் ஸ்டேஷன் இருக்கிறது; குப்பையை நாமே கொண்டுபோய்க் கொட்டும் இடம்.

முதல் வேலை, வண்டியில் ஏற்றுவதைக் கட்டுவது. 2004-இல் ரெண்டன் அருகே ஐ-405 நெடுஞ்சாலையில், முன்னால் போன டிரெய்லரிலிருந்து பறந்து வந்த பலகை ஒரு காரின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு புகுந்தது. ஓட்டி வந்த இளம்பெண்ணுக்குக் கண்பார்வை போயிற்று. அடுத்த ஆண்டே வாஷிங்டன் மாநிலத்தில், சுமையைச் சரியாகக் கட்டாமல் ஒருவரைக் காயப்படுத்தினால் அது குற்றம் என்று சட்டம் வந்தது. அதனால் 'பக்கத்தில்தானே, மெதுவாகப் போய்விடலாம்' என்ற பேச்சே வேண்டாம். பலகைக்கும் மெத்தைக்கும் ராட்செட் ஸ்ட்ராப் (பிடியை ஆட்டி இறுக்கும் பட்டை) போட்டு இறுக்குங்கள்; சில்லறைக் குப்பையைப் பையில் கட்டி, மேலே தார்ப்பாய் போர்த்தி, அதையும் கட்டுங்கள். கையால் உலுக்கிப் பார்த்து, எதுவும் அசையாவிட்டால் கிளம்பலாம். கட்டாமல் போனால் ஸ்டேஷனிலும் தனிக் கட்டணம் வாங்குவார்கள்.

வாசலில் எடைமேடை. உள்ளே போகும்போது ஒருமுறை, கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஒருமுறை வண்டியை எடைபோடுவார்கள், வித்தியாசத்துக்குத்தான் பணம். எடை குறைவாக இருந்தாலும் குறைந்தபட்சக் கட்டணம் உண்டு, ஆகவே இரண்டு பைக்காகப் போகாதீர்கள், சேர்த்துக் கொண்டுபோங்கள். அட்டைப்பெட்டி, பழைய இரும்புச் சாமான்களை வீட்டிலேயே தனியாகப் பிரித்து வையுங்கள். அவற்றுக்கு அங்கே தனி இடம் இருக்கிறது. ஃபிரிட்ஜ் இருந்தால் எடைமேடையில் இருப்பவரிடம் முன்பே சொல்லுங்கள். உள்ளிருக்கும் வாயுவை எடுக்க வேண்டியிருப்பதால் அதற்குக் கணக்கு வேறு.

தின்னர், பூச்சிமருந்து போன்றவற்றைக் குப்பையோடு கலக்கவே கூடாது. இதே வளாகத்தில் அபாயகரமான வீட்டுக் கழிவுகளுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது, அங்கே கொடுங்கள். மிச்சமான பெயிண்ட்டை, 2021-இல் தொடங்கிய பெயிண்ட்கேர் திட்டத்தில் சேர்ந்த கடைகள் இலவசமாக வாங்கிக்கொள்கின்றன. பழைய டிவி, கணினியைக் கொடுக்க, 2009 முதல் நடக்கும் ஈ-சைக்கிள் வாஷிங்டன் என்ற மறுசுழற்சித் திட்டத்தின் மையங்கள் இருக்கின்றன.

அப்புறம், குழந்தைகளை வண்டியை விட்டு இறக்காதீர்கள். பின்னோக்கி வரும் லாரி ஓட்டுநருக்குச் சின்ன உருவம் தெரியாது. மூடிய செருப்பு, கையுறை அவசியம்; தரையில் ஆணியும் கண்ணாடித் துண்டும் கிடக்கும்.

நாம் கொட்டும் குப்பையெல்லாம் மேப்பிள் வேலி என்ற ஊருக்கு அருகிலுள்ள சீடர் ஹில்ஸ் குப்பைக் கிடங்கில்தான் புதைகிறது. நல்ல நிலையில் இருக்கும் நாற்காலியையோ மேசையையோ ஏற்றும் முன், வேண்டுமா என்று அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள்.