லீஸ் நீட்டிப்பு: தேதியைக் கோட்டைவிட்டால் பணம் போகும்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் லீஸ்ஹோல்ட் பிளாட் (குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் உரிமையுள்ள வீடு) வைத்திருப்பவர்கள் லீஸை நீட்டிக்கப் போய் நஷ்டப்படுவது பெரும்பாலும் பேரம் தெரியாததால் அல்ல, தேதி பார்க்காததால்தான்.

முதல் தேதி லீஸ் பத்திரத்திலேயே இருக்கிறது. வீடு வாங்கிய நாளிலிருந்து எண்ணாதீர்கள். கட்டடம் முழுவதற்கும் ஒரே தொடக்க நாளை எழுதிவைப்பது பில்டர்களின் வழக்கம். 2010 ஜனவரி 1 முதல் 99 ஆண்டு என்றிருந்தால், 2013-ல் சாவி வாங்கியவருக்கும் 2028 முடியும்போது மீதி 80-தான். 80-க்குமேல் ஒரு நாள் இருந்தாலும் ‘மேரேஜ் வேல்யூ’ என்ற கூடுதல் தொகை கிடையாது. 80-ஐத் தொட்டுவிட்டால், நீட்டிப்பால் கூடும் மதிப்பில் பாதி ஃப்ரீஹோல்டருக்கு, அதாவது கட்டடத்தின் நிரந்தர உரிமையாளருக்கு. அது 20,000 பவுண்ட் என்றால், நீட்டிப்புக்குக் கொடுக்கும் வழக்கமான விலைக்கு (பிரீமியம்) மேல் இன்னொரு 10,000. கணக்கில் எடுப்பது, நீட்டிப்புக் கேட்டு நீங்கள் நோட்டீஸ் கொடுத்த நாளை. ‘பேசிக்கொண்டிருக்கிறோம்’ என்று எத்தனை மின்னஞ்சல் போனாலும் ஆண்டுகள் குறைந்துகொண்டேதான் இருக்கும்.

அந்த நோட்டீஸ் 1993-ன் லீஸ்ஹோல்ட் சட்டத்தின் 42-ஆம் பிரிவின்படி, சரியான ஆளுக்குப் போக வேண்டும். ஃப்ரீஹோல்டருக்கும் உங்களுக்கும் நடுவில் ஹெட் லீஸ் (உங்கள் லீஸுக்கு மேலே உள்ள லீஸ்) வைத்திருப்பவர் யாராவது உண்டா என்று லேண்ட் ரெஜிஸ்ட்ரி நகல்களில் பாருங்கள். சில பவுண்ட் செலவுதான். நோட்டீஸில் நீங்கள் தர முன்வரும் தொகையையும் சும்மா குறைத்துப் போடாதீர்கள். நம்பும்படி இல்லாத தொகை நோட்டீஸையே செல்லாததாக்கிவிடலாம். சர்வேயரை முதலிலேயே பிடியுங்கள். அந்தத் தொகையில் 10 சதவீதத்தை (குறைந்தது 250 பவுண்ட்) டெபாசிட்டாகக் கேட்க ஃப்ரீஹோல்டருக்கு உரிமை உண்டு.

அதிகம் பேர் சறுக்குவது இதற்குப் பிறகுதான். ஃப்ரீஹோல்டரின் பதில் நோட்டீஸ் வந்து விலை படியவில்லையென்றால், அது வந்ததிலிருந்து 2 மாதம் கழித்து, 6 மாதத்துக்குள் டிரிப்யூனலுக்கு (தீர்ப்பாயம்) விண்ணப்பிக்க வேண்டும். பேச்சு சுமுகமாகப் போகிறதே என்று இருந்துவிட்டால் நோட்டீஸ் வாபஸானதாகிவிடும். 12 மாதம் புதிதாகக் கொடுக்க முடியாது. ஃப்ரீஹோல்டருடைய நியாயமான வக்கீல், மதிப்பீட்டுச் செலவும் உங்கள் தலையில். பதிலே வராவிட்டால் உங்கள் பக்கம்தான் காற்று: பதிலுக்கான கெடு முடிந்து 6 மாதத்துக்குள் கவுன்டி கோர்ட்டுக்குப் போனால் நீங்கள் எழுதிய தொகையே நிற்கும்.

‘நோட்டீஸெல்லாம் எதற்கு, மொத்தம் 99 வருடமாக நீட்டித்துத் தருகிறோம்’ என்று ஃப்ரீஹோல்டரிடமிருந்து கடிதம் வரும். சட்டவழியில் மீதியுள்ள ஆண்டுகளோடு 90 சேரும், கிரவுண்ட் ரென்டும் (ஃப்ரீஹோல்டருக்குக் கட்டும் நில வாடகை) பூஜ்யமாகும். தனி ஒப்பந்தத்தில், புதிய லீஸ்களில் இந்த வாடகையைத் தடுக்கும் சட்டம் 2022 ஜூன் 30-ல் வந்த பிறகும்கூட, பழைய லீஸின் மீதிக் காலத்துக்கு வாடகையைத் தொடர இடமுண்டு. அடமானக் கடன் கொடுத்த வங்கியின் சம்மதமும் வேண்டும். இந்த வழியில் ஃப்ரீஹோல்டருக்கு எந்தக் கெடுவும் கிடையாது.

நடுவில் வீட்டை விற்பதானால், நோட்டீஸின் உரிமையையும் வீட்டு மாற்றத்தோடு சேர்த்தே எழுதிக்கொடுக்க வேண்டும்.

2024-ன் லீஸ்ஹோல்ட் சீர்திருத்தச் சட்டத்தில், வீடு வாங்கியபின் நோட்டீஸ் கொடுக்க இருந்த இரண்டு ஆண்டு காத்திருப்பு 2025 ஜனவரி 31-லேயே நீங்கிவிட்டது. 990 ஆண்டு நீட்டிப்பும் மேரேஜ் வேல்யூ ஒழிப்பும் அமலுக்கு வர அரசு தனியாகத் தேதி குறிக்க வேண்டும். மீதி 95 இருந்தால் பொறுக்கலாம். 81-ல் நின்றுகொண்டு அதை நம்புவது சூதாட்டம்.