ரிப்போர்ட்டில் 'லக்சேஷன்' என்று இருந்தால்: பிரித்துப் படிப்பது எப்படி?

சென்னையில் பொமரேனியன் வளர்ப்பவர்கள் இந்தச் சொல்லைப் பார்த்திருக்கலாம். நாய் ஒரு காலைத் தூக்கித் தூக்கி நடக்கிறதே என்று வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால், சீட்டில் 'பட்டெல்லர் லக்சேஷன்' என்று எழுதியிருக்கலாம். முட்டிச்சில்லு நழுவுகிறது என்று அர்த்தம். அடிபட்டுப் பல் இடம் மாறினால் பல் டாக்டரும் லக்சேஷன் என்பார். மனிதர்களின் எலும்பு டாக்டர்கள் இதே மூட்டு விலகலைப் பெரும்பாலும் டிஸ்லொக்கேஷன் என்றே எழுதுகிறார்கள்.

படி 1: வேரைப் பாருங்கள்

லத்தீனில் 'லுக்ஸாரே' என்றால் மூட்டைப் பிசக வைப்பது. அதிலிருந்து 'லுக்ஸாட்டியோ', அப்புறம் ஆங்கிலம் வழியாக லக்சேஷன். கோணல், சாய்வு என்று பொருள்படும் கிரேக்க 'லோக்ஸோஸ்' இதற்குச் சொந்தம். வெளிச்சத்தைக் குறிக்கும் 'லுக்ஸ்' வேறு, சோப்பை மறந்துவிடுங்கள்.

படி 2: முன்னால் 'சப்' இருக்கிறதா?

அவசரத்தில் கண்ணில் படாமல் போவது இதுதான். 'சப்' என்றால் லத்தீனில் கீழே. இங்கே 'அரைகுறையாக' என்று எடுத்துக்கொள்ளுங்கள். சப்லக்சேஷனில் எலும்பு முனைகள் ஓரளவு ஒட்டிக்கொண்டிருக்கும். முழு லக்சேஷனில் அந்தத் தொடர்பே அறுந்திருக்கும்.

பஸ் ஏறும் அவசரத்தில் குழந்தையின் கையை வெடுக்கென்று இழுப்போமே, அப்போது முழங்கையில் நடப்பது பெரும்பாலும் சப்லக்சேஷன். முன்கையில் இருக்கும் ரேடியஸ் எலும்பின் தலை, தன்னைச் சுற்றியிருக்கும் தசைநார் வளையத்திலிருந்து நழுவுகிறது. பொதுவாக 1 முதல் 4 வயதுக்குள் வரும். வீக்கம் பெரிதாகத் தெரியாது. குழந்தை அந்தக் கையை மட்டும் தொங்கவிட்டுக்கொண்டிருக்கும்.

படி 3: பக்கத்துச் சொற்கள்

ஆன்டீரியர் என்றால் முன்பக்கம், போஸ்டீரியர் பின்பக்கம். தோள்பட்டை பெரும்பாலும் முன்பக்கம்தான் நழுவும். நாய்க்கு 1 முதல் 4 வரை கிரேடும் போடுவார்கள். 1 என்றால் தள்ளினால் விலகி, தானே திரும்பும். 4 என்றால் நிரந்தரமாக விலகியே இருக்கும்.

படி 4: 'ரிடக்ஷன்'

எதையும் குறைக்கப்போவதில்லை. லத்தீனில் 'ரெடூகெரே' என்றால் திரும்பக் கொண்டுவருவது; எலும்பை அதன் இடத்தில் சேர்ப்பதைத்தான் சொல்கிறார்கள். இதை வீட்டில் செய்யாதீர்கள். புத்தூர் கட்டுக்கு ஓடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. கூடவே முறிவும் இருக்கலாம், நரம்பும் ரத்தக்குழாயும் சிக்கலாம். எக்ஸ்ரே எடுக்காமல் சொல்ல முடியாது. கையை அசையாமல் துணியால் தாங்கிக் கட்டி, 108-ஐக் கூப்பிடுங்கள். மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் வழியில் டீ, பிஸ்கட் எதுவும் வேண்டாம்.