நடுக்குவாத நோயுள்ள முதியவருக்கு உணவும் மாத்திரையும்

நடுக்குவாதம் எனப்படும் பார்கின்சன் நோய்க்குத் தரப்படும் லெவோடோபா மாத்திரையை உணவுக்கு 30 நிமிடம் முன்போ, உண்டபின் ஒரு மணி நேரம் கழித்தோ கொடுப்பது பொதுவாக நல்லது. பருப்பு, முட்டை, பால் ஆகியவற்றிலுள்ள புரதம் குடலில் அம்மருந்தோடு போட்டியிட்டு, அது உடலில் சேர்வதைக் குறைத்துவிடும். அதற்காகப் புரதத்தையே நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரைக் கேட்டு, அதன் பெரும்பகுதியை இரவு உணவுக்கு மாற்றலாம். இரும்புச்சத்து மாத்திரையையும் உடன் கொடுக்க வேண்டாம்.

சேலத்து வீடுகளில் எளிதாகக் கிடைக்கும் ஜவ்வரிசிக் கஞ்சியில் புரதம் மிகக் குறைவென்பதால் பகலில் அது மருந்துக்குத் தடையாகாது. ஆனால் நார்ச்சத்தும் இல்லாததால், மலச்சிக்கல் வாடிக்கையான இந்நோயில் கீரையும் பழமும் போதிய தண்ணீரும் அவசியம். மாலையில் தட்டுவடை செட் கேட்பார்கள். உதிர்ந்து தொண்டையில் சிக்கும் அந்த மொறுமொறுப்பை, ஆசைக்காகக்கூட நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நிமிர்ந்து உட்கார வைத்து, சிறு கவளமாக, ஒன்றை விழுங்கிய பிறகே அடுத்ததை ஊட்டுங்கள். உண்டபின் அரைமணி நேரமாவது படுக்க விடாதீர்கள். தண்ணீர் குடிக்கும்போது இருமினாலோ, குரல் ஈரமாகக் கரகரத்தாலோ மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள்.

படுக்கையிலிருந்து எழும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கக்கூடும். ஏற்காட்டுக் குளிரில் விடியலில் எழுப்புவோர், முதலில் சற்று நேரம் கட்டிலோரம் உட்கார வைத்துப் பிறகு நடத்த வேண்டும்.