பிளக்காமல் கழன்ற பேலட் பலகை

சுங்கை சிப்புட்டில் ஒரு டைல்ஸ் கடைக்குப் பின்னால் இரண்டு பேலட்டுகள் (சரக்கு அடுக்கும் மரத் தட்டுகள்) சும்மா கிடைத்தன. மச்சான் கொடுத்த வைன் போத்தல்களுக்கு ரேக் செய்ய நினைத்தேன். பலகையைக் கழற்றவே மூன்று நாள் போனது.

கடப்பாரையால் நெம்பினால் ஆணி அசையாது, பலகை நுனியில் டக்கென்று பிளந்துவிடும். முதல் நாள் நான்கு பலகை வீண். மறுநாள் எண்ணெய் விட்டு, அடியிலிருந்து சுத்தியலால் தட்டியதில் இன்னும் இரண்டு போயின. வெறுத்துப்போனது.

பிளந்த பலகையில் நீட்டிக்கொண்டிருந்த ஆணியைத் துடைத்துப் பார்த்தேன். உடம்பு முழுக்கத் திருகாணி மாதிரி முறுக்கு! உள்ளே போகும், திரும்பி வராது. பக்கத்து வீட்டுத் தச்சர் மாமா பார்த்துவிட்டு, “பிடுங்காதடா, அறு” என்றார்.

பலகைக்கும் கட்டைக்கும் நடுவில் மர ஆப்பு அடித்து லேசாக இடைவெளி உண்டாக்கினேன். இரும்பு அறுக்கும் ஹாக்சா வாளின் பிளேடை மட்டும் எடுத்து, ஒரு முனையில் துணி சுற்றி, ஆணியையே அறுத்தேன். ஒரு பலகைகூடப் பிளக்கவில்லை. துருப்பிடித்த ஆணித் தலை பலகையிலேயே நின்றுவிடும், அதுவும் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

பேலட் எடுக்குமுன் கட்டையில் உள்ள முத்திரையைப் பாருங்கள். ‘ஹெச்டி’ (HT) என்றால் வெப்பமூட்டியது: மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம். ‘எம்பி’ (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது, அது வீட்டுக்கு வேண்டாம்.

ரேக்கில் போத்தல் கழுத்துக்கு 3.5 செ.மீ. வெட்டு, ஒரு வெட்டின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 10 செ.மீ. அப்புறம் எல்லாம் ஒரே மதியத்தில் முடிந்தது.