இரும்புச்சத்தும் ஜிங்க்கும் சேர்ந்த மாத்திரை: முதல்முறை எடுப்பவர்கள் செய்ய வேண்டியவை

இரும்புச்சத்து, ஜிங்க் இரண்டும் ஒரே மாத்திரையில் வருவது வசதிதான். ஆனால் குடலுக்குள் போனதும் இரண்டும் போட்டி போடும். வெறும் வயிற்றில் 25 மி.கி. அல்லது அதற்கு மேற்பட்ட இரும்பு ஜிங்க்கோடு சேர்ந்து போனால், ஜிங்க் உடம்பில் சேர்வது குறைகிறது. சாப்பாட்டோடு எடுத்தால் இந்தப் போட்டி பெரும்பாலும் தணிந்துவிடும். ஆனால் சாப்பாட்டோடு எடுத்தால் இரும்பு குறைவாகத்தான் ஏறும். அதனால் எதை, எவ்வளவு, எப்போது எடுக்கிறோம் என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

படி 1: முதலில் ரத்தப் பரிசோதனை

சோர்வாக இருக்கிறது, முடி கொட்டுகிறது என்பதற்காக இரும்பு மாத்திரையைத் தொடங்காதீர்கள். ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் பாருங்கள். உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று ஃபெரிட்டின்தான் சொல்லும். வேறு நோய் இல்லாத பெரியவர்களுக்கு அது லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் சேமிப்பு காலி என்று பொருள். காய்ச்சல், வீக்கம், தொற்று இருக்கும் நேரத்தில் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். அப்போது உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சிஆர்பி பரிசோதனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஹீமோகுளோபின் உருவாவதைப் பாதிக்கும் பரம்பரைக் குறையான தலசீமியாவின் மரபு உள்ளவர்களுக்கும் சிவப்பணுக்கள் சிறுத்துத்தான் தெரியும். ரிப்போர்ட் பார்த்தால் இரும்புக் குறைபாடு போலவே இருக்கும், ஆனால் சேமிப்பு நிறைவாக இருக்கும். அவர்கள் மாதக்கணக்கில் இரும்பு விழுங்கினால் கெடுதல்தான். உடம்பில் இரும்பு தேங்கும் ஹீமோகுரோமடோசிஸ் உள்ளவர்களும் தொடக் கூடாது. ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்திருந்தால், குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்ப்பது மாத்திரையைவிட முக்கியம்.

ஜிங்க்குக்கு இவ்வளவு தெளிவான பரிசோதனை கிடையாது. சாப்பிட்ட பிறகும், தொற்று இருக்கும்போதும் ரத்தத்தில் அதன் அளவு இறங்கும். நீண்ட நாள் வயிற்றுப்போக்கு, குடல் அறுவை சிகிச்சை, உணவு முறை இவற்றை வைத்தே பெரும்பாலும் முடிவெடுக்கிறார்கள்.

படி 2: அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்

பலரும் தடுக்கி விழும் இடம் இது. அட்டையில் 'ஃபெரஸ் ஃபியூமரேட் 152 மி.கி., ஜிங்க் சல்ஃபேட் மோனோஹைட்ரேட் 61.8 மி.கி.' என்று அச்சாகியிருக்கிறது என்று வையுங்கள். இவை உப்பின் எடை. உடம்புக்குக் கிடைக்கும் இரும்பும் ஜிங்க்கும் அதில் ஒரு பகுதிதான். ஃபியூமரேட்டில் ஏறத்தாழ 33 சதவீதம் இரும்பு, ஆக 50 மி.கி. அந்த ஜிங்க் உப்பில் 36 சதவீதம் ஜிங்க், ஆக சுமார் 22.5 மி.கி. 'எலிமென்டல்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்தான் உங்களுக்கு வேண்டியது.

மற்ற உப்புகளில் விகிதம் மாறும். 300 மி.கி. ஃபெரஸ் குளுகோனேட்டில் சுமார் 35 மி.கி. இரும்புதான். உலர்ந்த ஃபெரஸ் சல்ஃபேட்டில் 200 மி.கி.யே 65 மி.கி. இரும்பு தரும். ஜிங்க் குளுகோனேட்டில் 14 சதவீதம்தான் ஜிங்க். பிராண்டு மாற்றும்போது உப்பின் எடையை மட்டும் ஒப்பிட்டு 'இது பவர் ஜாஸ்தி' என்று முடிவு செய்வது வெறும் ஊகம்.

டாக்டர் சொல்லாமல் தானாக எடுக்கும் பெரியவர்களுக்கு ஒரு நாளின் மேல்வரம்பு இரும்பு 45 மி.கி., ஜிங்க் 40 மி.கி. குறைபாட்டுக்கான சிகிச்சையில் இரும்பு இதைத் தாண்டலாம், ஆனால் அது டாக்டரின் கணக்கு. மல்டிவைட்டமினையும் இந்தக் கூட்டலில் சேருங்கள். சளிக்குச் சப்பும் ஜிங்க் மாத்திரைகளும் கணக்கில் வரும்.

படி 3: சேர்ந்ததா, தனித்தனியா?

இரும்பு 20 மி.கி. சுற்றுவட்டாரத்தில் இருக்கும் தினசரி மாத்திரை என்றால் சேர்ந்ததையே சாப்பாட்டோடு எடுங்கள், பிரச்சினை இல்லை. ரத்தசோகைக்கு 50, 60 மி.கி. எடுக்க வேண்டியிருந்து, கூடவே ஜிங்க்கும் தேவை என்றால், தனித்தனி மாத்திரையாகக் கேட்டு வாங்குவதே நல்லது. இந்த அளவில் ஒரே மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் ஜிங்க் தோற்கும், குமட்டல் ஜெயிக்கும்.

படி 4: நேரம் குறித்தல்

தனித்தனியாக எடுப்பவரின் ஒரு நாள் இப்படி இருக்கலாம். காலை 6:30-க்கு இரும்பு, ஒரு டம்ளர் தண்ணீரோடு. 7:30-க்கு மேல் காலை உணவு. டீ, காபி 8:30-க்குப் பிறகு. மதியம் சாப்பாட்டுக்கு நடுவில் ஜிங்க். கால்சியம் மாத்திரை இருந்தால் இரவுக்குத் தள்ளுங்கள்.

டீ, காபியில் உள்ள பாலிஃபீனால் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாலும் கால்சியமும் அதே வேலையைச் செய்யும். முழுத்தானியங்கள், பருப்பு வகைகளில் உள்ள ஃபைட்டேட் இரும்பு, ஜிங்க் இரண்டையும் தடுக்கும். அதற்காக அவற்றை விட வேண்டாம், இடைவெளி போதும்.

ஒரே வேளையில் 60 மி.கி. அல்லது அதற்கு மேல் இரும்பு எடுத்தால் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, ஏறத்தாழ ஒரு நாளுக்குக் குடலின் கதவைச் சாத்தி வைக்கும். அடுத்த வேளை இரும்பில் பெரும்பங்கு வீணாகும். அதனால்தான் பல டாக்டர்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் எழுதுகிறார்கள். அப்படி எழுதியிருந்தால் 'தினமும் போட்டால் சீக்கிரம் ஏறுமே' என்று நீங்களாக மாற்றாதீர்கள். ஒரு வேளை மறந்தால் மறந்ததுதான், அடுத்த முறை இரண்டாக எடுக்க வேண்டாம்.

படி 5: மற்ற மாத்திரைகளோடு மோதல்

தைராய்டு மாத்திரையான லெவோதைராக்ஸினுக்கும் இரும்புக்கும் நடுவே 4 மணி நேரம் வேண்டும். காலையில் தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் மேலே சொன்ன அட்டவணையை அப்படியே பின்பற்றக் கூடாது, இரும்பை மதியத்துக்கும் மாலைக்கும் இடையே நகர்த்துங்கள். சிப்ரோஃப்ளாக்ஸசின் போன்ற ஆன்டிபயாட்டிக்கை இரும்புக்கோ ஜிங்க்குக்கோ 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும். டாக்ஸிசைக்ளின் வகைக்கும் இதே சிக்கல் உண்டு. சில நாள் கோர்ஸ்தான் என்றால், அது முடியும்வரை சத்து மாத்திரையை நிறுத்தி வைக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வாயுத் தொல்லைக்கான ஆன்டாசிட், ஒமெப்ரசோல் வகை மாத்திரைகள் வயிற்று அமிலத்தைக் குறைப்பதால் இரும்பு ஏறுவதும் குறையும்.

படி 6: வயிறு முரண்டு பிடித்தால்

மலம் கறுப்பது இயல்பு. தார் போலப் பிசுபிசுப்பாக, துர்நாற்றத்தோடு போனால் ரத்தக் கசிவாக இருக்கலாம், அன்றே டாக்டரைப் பாருங்கள். குமட்டல் வந்தால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு எடுங்கள். ஏறும் அளவு குறையும், ஆனால் பாதியில் கைவிடுவதைவிட அது மேல். மலச்சிக்கல் தாங்க முடியாவிட்டால் அளவைக் குறைக்கவோ உப்பை மாற்றவோ கேளுங்கள். டானிக்காக எடுத்தால் ஸ்ட்ராவில் உறிஞ்சி வாய் கொப்பளியுங்கள், இல்லாவிட்டால் பல்லில் கறை படியும்.

படி 7: எப்போது நிறுத்துவது?

மூன்று, நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் சுமார் 2 கிராம் ஏற வேண்டும். ஏறினால், அது இயல்பு நிலைக்கு வந்த பிறகும் சேமிப்பு நிரம்ப சுமார் 3 மாதம் தொடரச் சொல்வார்கள். அதுவரை ஜிங்க்கும் கூடவே ஓட வேண்டும் என்று இல்லை. சேர்ந்த மாத்திரையின் குறை இங்கேதான் தெரியும், ஒன்றை மட்டும் நிறுத்த வழியில்லை.

நாளொன்றுக்கு 50 மி.கி. அல்லது அதற்கு மேல் ஜிங்க் வாரக்கணக்கில் போனால், தாமிரம் ஏறுவதை அது தடுக்கும். தாமிரம் குறைந்தால் ரத்தசோகை வரும், வெள்ளையணுக்கள் குறையும், கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். இரும்பு எடுத்தும் ஹீமோகுளோபின் அசையவில்லை என்றால் இரும்பைக் கூட்டுவதற்கு முன் ஜிங்க் கணக்கைப் பாருங்கள்.

படி 8: குழந்தைக்கு எட்டாத இடம்

மாத்திரைக்கு 50 மி.கி. இரும்பு என்றால், 10 கிலோ எடையுள்ள குழந்தை நான்கு மாத்திரை விழுங்கினாலே நச்சு அறிகுறிகள் வரலாம். பன்னிரண்டு மாத்திரை உயிருக்கே ஆபத்து. பூட்டும் அலமாரியில் வையுங்கள், கைப்பையில் வேண்டாம்.

குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். முதலில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்து, பிறகு குழந்தை தெளிந்ததுபோல் சில மணி நேரம் விளையாடக்கூடும். அந்த நேரத்திலும் இரும்பு கல்லீரலையும் இதயத்தையும் தாக்கிக்கொண்டே இருக்கலாம். 'சரியாகிவிட்டது' என்று காத்திருக்காமல், எத்தனை மாத்திரை குறைகிறது என்று எண்ணி, அந்த அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.