ரெஸ்டிக் பேக்கப்பிலிருந்து சர்வரையும் தரவுத்தளத்தையும் மீட்டெடுப்பது எப்படி?

சர்வர் படுத்துவிட்டால் முதலில் தேட வேண்டியது பேக்கப் களஞ்சியத்தின் கடவுச்சொல்லை. ரெஸ்டிக் என்ற பேக்கப் கருவி எல்லாவற்றையும் ஏஇஎஸ்-256 முறையில் மறையாக்கம் செய்தே வெளியே அனுப்புகிறது. கடவுச்சொல் தொலைந்துவிட்டால் அதைத் திறக்க வேறு வழியில்லை. அதைச் சர்வருக்குள் மட்டுமே எழுதி வைத்திருந்தவர், பெட்டகத்தை வெளியூரில் பத்திரப்படுத்திவிட்டுச் சாவியை எரிந்த வீட்டுக்குள் விட்டவர். கிளவுட் சேமிப்பகத்தின் அணுகல் சாவி இதிலிருந்து வேறு. இரண்டும் கைவசம் இருக்க வேண்டும்.

அடுத்து, தானாக ஓடும் பேக்கப் டைமரை நிறுத்துங்கள். பாதி காலியான சர்வரின் நகல்கள் புதிது புதிதாகச் சேர்ந்தால், ‘கடைசி ஏழு மட்டும் போதும்’ என்று நீங்களே எழுதிய விதி நல்ல நகல்களை வெளியே தள்ளிவிடும்.

இனி ஸ்னாப்ஷாட்களின், அதாவது ஒவ்வொரு முறையும் எடுத்த நகல்களின், பட்டியலை எடுத்து, கோளாறு தொடங்கிய நேரத்துக்கு முந்தையதைத் தேர்ந்தெடுங்கள். ‘லேட்டஸ்ட்’ என்று பழக்கத்தில் தட்டிவிட்டால், கெட்டுப்போன கோப்புகளே திரும்பி வரக்கூடும். முழுவதையும் இறக்குவதற்கு முன், ‘ஈடிசி’ என்ற அமைப்புக் கோப்புறையிலுள்ள எஃப்எஸ்டேப் போன்ற ஒரு சிறு கோப்பை மட்டும், ‘மீட்பு’ என்றொரு தனிக் கோப்புறையை இலக்காகக் கொடுத்து எடுத்துப் பாருங்கள். அது ‘மீட்பு’க்குள் தன் பழைய பாதையோடு, ‘ஈடிசி’க்கு அடியில் வந்து நிற்கும். கடவுச்சொல், அணுகல் சாவி, இணைப்பு ஆகிய மூன்றும் சரி என்பது இரண்டு நிமிடத்தில் உறுதியாகிவிடும்.

முழு மீட்புக்கு முன் ஸ்டேட்ஸ் கட்டளையால் அளவைப் பாருங்கள். களஞ்சியத்தில் திரும்ப வரும் பகுதிகள் ஒரே முறைதான் சேமிக்கப்படுவதால், அங்கே 40 ஜிபி இருப்பது இங்கே 100 ஜிபியாக விரியலாம். கோப்புகளின் உரிமை மாறாமலிருக்க, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராகவே ஓட்டுங்கள். அப்போதும், பழைய சர்வரில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தள மென்பொருளுக்கு இருந்த பயனர் எண் புதிய சர்வரில் வேறொரு சேவைக்குப் போயிருக்கலாம் என்பதால், உரிமையாளர் பெயர்களை ஒருமுறை சரிபாருங்கள்.

தரவுத்தளத்தில்தான் பொறுமை வேண்டும். ஓடிக்கொண்டிருந்த போஸ்ட்கிரெஸின் தரவுக் கோப்புறையை அப்படியே நகலெடுத்திருந்தால் அதை நம்பாதீர்கள். தரவுத்தளத்தைக் கோப்பாக எழுதித்தரும் கருவியான பிஜி-டம்ப் எழுதிய கோப்பையே (டம்ப்) எடுங்கள். அதில் பயனர்களும் கடவுச்சொற்களும் இருக்காது; அவை பிஜி-டம்ப்-ஆலின் ‘குளோபல்ஸ்’ கோப்பில் இருக்கும் என்பதால் முதலில் அதை ஏற்றி, பிறகு காலித் தரவுத்தளத்தை உருவாக்கி, அதன் பின்பே டம்ப்பை ஏற்றும் பிஜி-ரெஸ்டோரை ஓட்டுங்கள். ஏற்றுவதற்கு முன் பிஜி-ரெஸ்டோரின் சிறிய ‘எல்’ விருப்பத்தால் டம்ப்பின் உள்ளடக்கப் பட்டியலை வாசித்து, முக்கியமான அட்டவணைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிழை வந்தால் உடனே நிற்கும்படி அமைப்பதும் அவசியம். இல்லாவிட்டால் பாதி அட்டவணைகள் ஏறாமலே வேலை முடிந்துவிடும். கருவியின் பதிப்பும் டம்ப் எடுத்த பதிப்பைவிடப் பழையதாக இருக்கலாகாது. 2017 ஜனவரி 31 அன்று நிரல் சேமிப்புத் தளமான கிட்லேப் தன் தரவுத்தளத்தைத் தவறுதலாக அழித்தபோது, 9.6 பதிப்புத் தரவுத்தளத்துக்கு 9.2 பதிப்பின் பிஜி-டம்ப் ஓடித் தோற்றுக்கொண்டிருந்தது தெரியவந்தது. அதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. கடைசியில் அவர்களைக் காப்பாற்றியது, ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்.

ஏற்றி முடித்ததும், தரவின் புள்ளிவிவரங்களைப் புதுப்பிக்கும் ‘அனலைஸ்’ கட்டளையை ஓட்டுங்கள். இல்லாவிட்டால் குவெரிகள் நத்தை வேகத்தில் நகரும்.

தரவுத்தளமும் பதிவேற்றக் கோப்புகளும் ஒரே ஸ்னாப்ஷாட்டிலிருந்து வந்தவையாக இருக்கட்டும். டம்ப் முதலிலும் கோப்புகள் பின்னரும் எடுக்கப்பட்டிருந்தால் நல்லது: யாரும் கேட்காத படம் ஒன்று கூடுதலாக இருப்பதால் நஷ்டமில்லை, தரவுத்தளம் கேட்கும் படம் இல்லாமற்போவதுதான் தொல்லை. கடைசியாகப் பதிவான ஆர்டரின் நேரத்தைப் பார்த்து, அதன் படத்தையும் திறந்து பாருங்கள்.

தளத்தைத் திறப்பதற்கு முன் மின்னஞ்சல் வரிசையைக் கவனியுங்கள். ஏற்கெனவே அனுப்பப்பட்ட கடிதங்கள் பழைய நகலில் இன்னும் காத்திருப்பவையாகவே இருக்கும். அப்படியே ஓடவிட்டால் வாடிக்கையாளர் அனைவருக்கும் அதே ரசீது இரண்டாம் முறை போகும். அதைத் துடைத்த பிறகு, தளப் பெயரைச் சர்வர் முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸை மாற்றி, புதிய சர்வரின் முதல் பேக்கப்பைக் கையால் எடுத்து, அது பிழையின்றி முடிந்ததைப் பார்த்த பின்பே டைமரை மீண்டும் இயக்குங்கள்.